தண்ணிக்காரர் மகள்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிற மழையே செடிக்குப் போதும். தண்ணீர் தேவைப்பட்டது தொழிலாளர் குடியிருப்பான லயத்து மனிதர்களுக்கும் தேயிலை ஆலைக்கும்தான். ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை அப்பாவுடையது. செக்ரோல் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருந்தார்களோ, லயத்தில் எல்லோருக்கும் அவர் தண்ணிக்காரர். நான் தண்ணிக்காரர் மகள்.

பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் அப்பா மண்வெட்டியோடு காட்டுக்குள் ஏறிவிட்டிருப்பார். மேலே ஓடையின் குறுக்கே இடுப்பளவு கல்சுவர் ஒன்று. அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் கம்பி வலை வழியாகக் குழாய்க்குள் இறங்கும். அங்கிருந்து மணல் தொட்டி, பிறகு பெரிய சிமெண்டுத் தொட்டி, அதன்பின் சரிவிலேயே ஓடி லயத்துப் பொதுக்குழாய். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. வலையில் இலை அடைத்துக்கொண்டால் கீழே நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் நின்றுபோகும். மழை நாளில் அந்த அடைப்பை எடுக்க இருட்டிலேயே கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அட்டைக் கடிக்கு அம்மா என் காலில் புகையிலைத் தண்ணீர் பூசிவிடுவாள்.

தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் அப்பா ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்து, அது நிறையும் வரை வாய்க்குள் எண்ணுவார். ஒரே டின், ஒரே இடம், ஒரே வேகத்தில் எண்ணிக்கை. அவருடைய அளவுமானி அதுதான். அந்த எண்ணைச் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார். பிப்ரவரியில் மழை விட்டுப்போகிற வாரங்களில் எண்ணிக்கை ஏறும். ஏறும், ஆனால் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. மூன்று வாரம் துளி மழை இல்லாவிட்டாலும் ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். அது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஓடையை விட்டு விலக்கி, சரிவில் மண்ணும் கருங்கல்லும் சந்திக்கிற ஒரு மடிப்புக்குக் கூட்டிப்போனார். பாசி படர்ந்த கல்லுக்கு அடியில் விரல் நுழைகிற அளவு ஈரம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்படியே மலை முழுக்க.

"ஆறுன்னு தனியா ஒண்ணு இல்ல தாயி. மலை கசியுது, அவ்வளவுதான்."

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியராக இருந்தபோது, இதையே ஒரு புத்தகத்தில் நிலநூல் மொழியில் படித்தேன். இந்த மலைத்தொடர் கருங்கல். ஆனால் மேல்பகுதி நெடுங்காலமாக மழையில் சிதைந்து, பல மீட்டர் ஆழத்துக்கு உதிர்ந்த பாறையும் மண்ணுமாக இருக்கிறது. காட்டின் வேரும் சருகும் மழையை மெதுவாக உள்ளே இறக்கிவிடுகின்றன. உதிர்ந்த பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் தேங்குகிற அந்தத் தண்ணீர் வாரங்கள், மாதங்கள் கழித்து ஊற்றாக வெளியே வருகிறது. மழை இல்லாத நாளில் ஓடையில் ஓடுவது முழுக்க நிலத்தடி நீர்தான். அப்பா சொன்னதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

தோட்டத்து நிர்வாகம் அந்த ஓடைக்கு மேலே இருந்த காட்டில் கை வைக்கவில்லை. காட்டின் மேல் அன்பு என்று சொல்ல மாட்டேன். ஆலைக்கும் ஆட்களுக்கும் தண்ணீர் வேண்டும், அது அங்கிருந்துதான் வரும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எடுப்பவரே காப்பவராகவும் இருந்ததால் அந்தக் காடு பிழைத்தது. என் கூட்டாளிகள் பலர் தேயிலைத் தோட்டம் என்றாலே காட்டை அழித்தது என்பார்கள். உண்மைதான். 1920களின் இறுதியில் தொடங்கி இந்த மலையில் தேயிலைக்காகப் பெருங்காடு விழுந்தது. ஆனாலும் தேயிலைச் செடி ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டில் பலமுறை கொத்திப் புரட்டுகிற காய்கறி நிலத்திலிருந்து ஓடுகிற மண் அதிலிருந்து ஓடுவதில்லை. இரண்டையும் ஒரே மலையில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழேதான் ரிங்லெட் ஏரி. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பு, 1963இல், சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிந்ததும் உண்டான ஏரி அது. வடக்கே தெலோம் ஆற்றைச் சுரங்கம் வழியாகத் திருப்பி, பெர்த்தாம் ஆற்றோடு சேர்த்து, அந்தத் தண்ணீரையெல்லாம் ஏரியில் நிறுத்தினார்கள். ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம் மலைத்தொடரின் அடிவயிற்றைத் துளைத்துப் பேராக் பக்கம் போகிறது. அங்கே ஜோரில், பூமிக்கு அடியில் உள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்தில் 100 மெகாவாட் மின்சாரம். பெர்த்தாம் ஆறு இயல்பாகத் தெலோமில் கலந்து, ஜெலாய், பகாங் ஆறுகள் வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. இப்போது அதன் பெரும்பகுதி மேற்கே இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. என் சித்தப்பா சுரங்க வேலையில் கொஞ்சகாலம் கூலிக்குப் போனவர். மலைக்குள் தோண்டும்போது எதிர்பாராத இடங்களில் தண்ணீர் பீறிட்டதையும், முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்ததையும் சொல்லுவார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "மலைக்குள்ள ஆறு இருக்குன்னு நான் சொன்னா சிரிச்சியே" என்பார்.

அந்த ஏரிதான் இந்த மலையில் மேல்நீர் பற்றிய எல்லா முடிவுகளுக்கும் முதல் சொந்தக்காரர் ஆனது. மின்சாரத்துக்கு ஆறு, குழாய்த் தண்ணீருக்கு ஆறு. அதற்கு அடுத்துதான் மற்றவர்கள். சட்டம் அதற்கும் முன்பே இருந்தது. 1920ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின்படி ஆறுகள் மாநில ஆட்சியாளருக்கு உரியவை, உரிமம் இல்லாமல் ஆற்றைத் திருப்பக் கூடாது. ஆற்றைப் பற்றி அவ்வளவு கவனமாகப் பேசுகிற அந்தச் சட்டத்தில், ஆற்றுக்கு அடியில் ஊறுகிற தண்ணீருக்கு இடம் இல்லை. பிற்காலத்தில் மாநிலங்கள் தனித்தனியாகக் கொண்டுவந்த நீர்வளச் சட்டங்கள் நிலத்தடி நீரையும் சேர்த்துக்கொண்டன. பகாங்கில் அது 2007இல் வந்தது. ஆனால் மலைச்சரிவில் சட்டம் காகிதத்தில் நடப்பதில்லை, கண்ணில் நடக்கிறது. ஓடையில் கிடக்கிற குழாய் அதிகாரியின் கண்ணில் படும். நிலத்துக்குள் இறங்கிய குழாய் படாது.

இதை நான் புரிந்துகொண்டது அண்ணன் மூலமாக.

அண்ணன் எண்பதுகளில் தோட்டத்தை விட்டு வெளியேறினான். தோட்டக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்பது அவன் முடிவு. தெலோம் ஆற்றின் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் டி.ஓ.எல். நிலம். அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. முட்டைக்கோஸ், பிறகு தக்காளி, பிறகு பிளாஸ்டிக் கூரைக்குள் குடைமிளகாய். தேயிலை மழையில் வாழும். கூரைக்குள் வளர்கிற குடைமிளகாய்க்கு மழை படவே படாது, ஒவ்வொரு சொட்டும் குழாயில்தான் வர வேண்டும். இவ்வளவு மழை பெய்கிற ஓர் இடத்தில், மழையை மறைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் தேடுகிற விவசாயம் அப்படித் தொடங்கியது. நோய் வராமல் காய் தேறுவதற்கு அந்தக் கூரை தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் வீம்புக்குச் செய்ததில்லை.

கேமரன் மலைக்கு வந்துபோகிறவர்கள் சாலையோரத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற கருப்புக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு விவசாயியின் குழாய். எல்லாம் ஓடைக்குப் போகும். ஒருவர் குழாய்க்கு மேலே இன்னொருவர் போட்டால் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் குறையும், அவர் அதற்கும் மேலே ஏறுவார். இப்படி ஏறி ஏறி, குழாய்கள் கடைசியில் ஊற்றின் வாயிலேயே போய் நின்றன. வறண்ட மாதத்தில் இரவில் குழாய் அறுக்கிற சண்டை நடக்கும். சீனக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போய்வந்துகொண்டிருந்த அந்தப் பள்ளத்தாக்கில், பிப்ரவரியில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஏன் யாரும் குளம் வெட்டவில்லை என்று நான் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். "அடுத்த வருசம் நெலம் நம்மகிட்ட இருக்குமா தெரியல, குளம் வெட்டச் சொல்றியே பாப்பா" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓராண்டு உரிமம் ஓராண்டு யோசனையைத்தான் தரும். குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், குளத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. நிலத்தின் சட்டம் தண்ணீரின் நடத்தையை இப்படித் தீர்மானிக்கும் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை இருட்டில் அணையின் மதகு திறக்கப்பட்டு, லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் ஏறியது. வீடுகள் போயின, உயிர்கள் போயின. மறுநாள் நான் அங்கே போனபோது கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அங்கே நான் படிப்புச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம். மேலே திறந்த நிலங்களிலிருந்து இறங்கிய மண் ஏரியின் கொள்ளளவில் பெரும்பங்கை விழுங்கியிருந்தது. சேற்றை அள்ளிக் கொட்டுகிற வேலை இன்றுவரை நடக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைப் பற்றிய கவலை எல்லோருக்கும் வந்தது. சட்டவிரோதமாகத் திறந்த நிலங்கள் மீது நடவடிக்கைகள் வந்தன. குடிநீர் நிலையங்களுக்கு மேலே இருக்கும் ஓடைகளைக் காக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அதில் நியாயம் இருந்தது. கோழி எருவும் பூச்சிமருந்தும் கலந்த ஓடையைச் சுத்தம் செய்து என் பேத்திக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்றால் எனக்கும் கோபம் வரும். 2018 டிசம்பரில் கோலா தெர்லாவில், நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதையும் முறையான உரிமம் இல்லை என்பதையும் சொல்லி, மாநில அரசு காய்கறித் தோட்டங்களை அகற்றியது. அவற்றில் பல, தலைமுறையாக அங்கே உழைத்த தமிழர்களுடையவை. கூரைகள் சரிந்து, காய் பிடித்த செடிகள் இயந்திரத்தின் அடியில் போனதைச் செய்தியில் பார்த்த அண்ணி அன்று சமைக்கவில்லை.

அண்ணன் நிலம் வேறு பள்ளத்தாக்கில் என்பதால் தப்பியது. ஆனால் அதற்கு முன்பே அவன் குழாய் போட்டிருந்த ஓடையில் இனி எடுக்கக் கூடாது என்று ஒரு கடிதம் வந்திருந்தது. வேறு எங்கே எடுப்பது என்று அதில் எழுதவில்லை. செடி நிற்கிறது, கடன் நிற்கிறது. அவன் போர் போட்டான்.

துளையிடும் இயந்திரம் லோரியில் ஏறிவந்த நாளில் நானும் இருந்தேன். முதலில் சிவப்பு மண், பிறகு மஞ்சள், பிறகு உதிர்ந்த பாறை. கருங்கல்லைத் தொட்டதும் வெள்ளைத் தூள் புகையாக எழுந்து கூரையெல்லாம் படிந்தது. வெடிப்பு கிடைத்தபோது தூள் சேறானது, சேறு தண்ணீரானது. அண்ணன் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தான். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே பள்ளத்தாக்கில் இன்னும் சில துளைகள் இறங்கின.

அப்பாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. பம்பு ஓடுவதைப் பார்த்தார். பாராட்டுவார் என்று அண்ணன் காத்திருந்தான். அவர் எதுவும் சொல்லாமல், "கீழ ஊத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. நிலத்துக்குக் கீழே, வளைவில், செமாய் பழங்குடி மக்களின் குடியிருப்புக்குத் தண்ணீர் போகிற ஊற்று. மூங்கில் வாய்க்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் வாய், அவ்வளவுதான் மாற்றம். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா இறங்கினார். டின்னைப் பிடித்தார், எண்ணினார். மேலே பம்பை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். மறுநாள் காலையில் மறுபடி எண்ணினார். பிறகு பம்பை ஓடவிட்டு, சாயங்காலம் இன்னொரு முறை. பம்பு நின்றிருந்தால் டின் சீக்கிரம் நிறைந்தது. ஓடினால் இழுத்துக்கொண்டு நிறைந்தது. அதைச் சொல்ல அவருக்கு எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை.

"ஓடையில எடுக்காதேன்னாங்க, நீ ஓடைக்கு வர்ற தண்ணியை எடுத்திட்ட" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் கோபப்பட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடிதம் அனுப்பியவர்கள் ஆற்றைக் காத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஏன் குற்றவாளி? ஆனாலும் அன்றிலிருந்து இரவில் பம்பை நிறுத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை.

2017இல் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். தாத்தாவின் ஊர் தஞ்சை மாவட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர் அவர். அவருடைய தம்பி வழிப் பேரன், எனக்கு அண்ணன் முறை, இன்றும் அதே நிலத்தில் நெல் போடுகிறார். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு, ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். 2017இல் திறந்தது அக்டோபர் 2. தொடர்ந்து எட்டு ஆண்டுகள், 2012 முதல் 2019 வரை, ஜூன் 12இல் அணை திறக்கவில்லை. குறுவைப் பயிரைக் காப்பாற்ற எல்லோரும் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணற்றையும் போரையும் நம்பினார்கள். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அண்ணன் வாய்க்காலைக் காட்டிச் சொன்னார்: "இதுல தண்ணி ஓடுனா என் போர்ல தண்ணி ஏறும்மா. ஆத்து மணலு குடிச்சுக்கிட்டே இருக்கும். இது காஞ்சா ரெண்டும் காயும்." கொஞ்சம் தள்ளி வாய்க்காலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வீணாகாமல் போக வேண்டும் என்பதற்காக. கடைமடைக்காரருக்கு அது நல்லது. ஆனால் வழியில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரை வீண் என்று எழுதியவர்கள், அந்த வீணை நம்பித்தான் இத்தனை கிணறுகள் இருந்தன என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடலோரத்தில் இன்னும் மோசம். ஆற்றுத் தண்ணீர் வராமல் போரை மட்டும் இறைத்தால் அடியில் உப்பு நீர் ஏறிவரும்.

அங்கே சமவெளி, இங்கே மலை. அங்கே ஆறு நிலத்துக்கு ஊட்டுகிறது, இங்கே நிலம் ஆற்றுக்கு ஊட்டுகிறது. திசை மட்டும் வேறு. மேலே ஒரு கதவை மூடினால் விவசாயி கீழே ஒரு கதவைத் திறக்கிறான். அவன் வயிறு அதைச் செய்யச் சொல்கிறது. மேல்நீருக்கு ஒரு அலுவலகம், நிலத்துக்கு ஒரு அலுவலகம், நிலத்தடிக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்துக்கொண்டு, ஆற்றில் எடுக்காதே என்று மட்டும் சொல்கிறவர்கள் நிலத்துக்குள் போ என்று சொல்கிறார்கள். குழாயைத் தடை செய்கிற ஒவ்வொரு கடிதத்திலும் மாற்றுத் தண்ணீர் எது, எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற பதில் இருக்க வேண்டும். ஊற்றை நம்பியிருக்கிற கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் துளைக்கு அனுமதி தர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அண்ணன் மகன் இப்போது நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். தாத்தாவின் சிகரெட் அட்டைகளை அவன்தான் வைத்திருக்கிறான். அவன் கூரையைக் கணக்குப் போட்டான். ஒரு ஏக்கர் பிளாஸ்டிக் கூரை மேல் ஓராண்டில் விழுகிற மழை ஒரு கோடி லிட்டருக்கு மேல். இத்தனை நாளாக அது கூரையிலிருந்து வடிந்து, மண்ணை அரித்து, சேறாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் கூரை விளிம்பெல்லாம் பீலி கட்டி, கீழ்மூலையில் தார்ப்பாய் விரித்த குளம் ஒன்றை வெட்டினான். சரிவில் தண்ணீரைத் தேக்கினால் மண் சரியும் என்பதால் இடத்தைத் தேர்ந்தெடுக்கவே ஒரு பருவம் ஆனது. குளம் இருப்பதால் மழை மாதங்களில் பம்பு ஓடுவதில்லை. பிப்ரவரியில் மட்டும் ஓடுகிறது, அதுவும் பகலில். கீழே செமாய் குடியிருப்பில் ஊற்றை அவனும் அங்குள்ள இளைஞர் ஒருவரும் சேர்ந்து டின் பிடித்து அளக்கிறார்கள்.

பக்கத்து நிலத்துச் சீனக் குடும்பம் முதலில் வேடிக்கை பார்த்தது. இப்போது இரண்டு நிலத்துக்கும் பொதுவாக எல்லையில் பெரிய குளமாக வெட்டலாம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். செலவு பாதிப்பாதி, வழிகிற தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. இடத்தை அளந்து குச்சி அடித்தாயிற்று. இருவர் உரிமமும் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பித்த தாள் ஜனவரியில் கைக்கு வந்தால், மழை விட்டதும் வெட்டத் தொடங்குவார்கள்.